பேர் விழாத நாலு மாதம்

"தம்பி, நம்ம வீடு கூகுள்ல இல்லையாம். நெதர்லாந்துப் புள்ள ஒண்ணு தேடிப் பாத்துட்டுச் சொல்லுது."

அத்தானிடமிருந்து இந்த அழைப்பு வந்தபோது நான் பண்டாரவளை பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். 2023 மே மாதம், நல்ல மழை. அவருடைய வீட்டுக்கு நான் இணையத்தளம் செய்து கொடுத்து அப்போது நாலு மாதம் ஆகியிருந்தது. வீடு என்றதும் ஹோட்டலை நினைக்க வேண்டாம். இலங்கை மலையகத்தில் ஹப்புத்தளை டவுனிலிருந்து தம்பேத்தன்ன போகிற பாதையில், தேயிலைத் தோட்டத்து எல்லையை ஒட்டி வாங்கிய துண்டு நிலத்தில் ஒரு வீடு, அதில் மூன்று அறை வாடகைக்கு, அக்காவின் சமையல், இஸ்தோப்பில், அதுதான் முன்திண்ணையில், உட்கார்ந்தால் பனி இல்லாத நேரம் தெற்கே சமவெளி வரைக்கும் தெரியும். அவ்வளவுதான். 2022 இல் பெற்றோல் வரிசையும் காஸ் வரிசையுமாக நாடு நின்றபோது அந்த மூன்று அறையும் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. வருடக் கடைசியில் வெள்ளைக்காரர்கள் ஒன்றிரண்டாக ரயிலில் வந்து இறங்கத் தொடங்கியதும், "நமக்கும் ஒரு வெப்சைட் வேணும் தம்பி" என்று அத்தான் பிடித்துக்கொண்டார். நான் கொழும்பில் பத்து வருடம் கம்பியூட்டர் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன். மாட்டேன் என்று சொல்ல முடியுமா.

அத்தானைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். 31 வருடம் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். அவருக்கு ஒரு விடயம் விளங்க வேண்டுமென்றால் அது தோட்டத்துக் கணக்குக்குள் வர வேண்டும், வராவிட்டால் தலையை ஆட்டுவார், ஆனால் ஏற்றுக்கொள்ள மாட்டார். கீழே நான் சொல்லப்போவதில் பாதி, அவருக்கு விளக்கப்போய் எனக்கே விளங்கியது.

அன்றிரவு ஹப்புத்தளைக்குப் போய் லப்டொப்பைத் திறந்தேன். கூகுளில் ஆங்கிலத்தில் 'சைட்' என்று அடித்து, முக்காற்புள்ளி போட்டு, இடைவெளி விடாமல் தளத்தின் முகவரியை எழுதினால் அந்தத் தளத்தின் எந்தெந்தப் பக்கங்கள் கூகுளிடம் இருக்கின்றன என்று ஓரளவுக்குக் காட்டும். எங்கள் தளத்துக்கு ஒன்றுமே காட்டவில்லை. பத்தாம் பக்கத்தில் கிடந்தால்கூடப் பரவாயில்லை, ஏதோ மெதுவாக ஏறுகிறது என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். இது எங்கேயுமே இல்லை.

காரணம் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தளத்தைக் கட்டிய வேர்ட்பிரஸ் மென்பொருளின் அமைப்புகளில் 'ரீடிங்' என்கிற பகுதியின் அடியில் ஒரு சின்னப் பெட்டி உண்டு, தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதற்கு. தளத்தைக் கட்டிக்கொண்டிருக்கும்போது அரைகுறைப் பக்கங்கள் வெளியே தெரிய வேண்டாமே என்று நான்தான் அதில் சரி போட்டிருந்தேன். எடுக்க மறந்துவிட்டேன். அந்தச் சரி இருக்கும்வரை ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பகுதியிலும் 'நோஇண்டெக்ஸ்', அதாவது சேர்க்காதே, என்று ஒரு வரி ஏறிக்கொண்டே இருக்கும். கூகுள் வாசல் வரைக்கும் வந்து, அந்த வரியைப் படித்து, மரியாதையாகத் திரும்பிப் போய்விடும்.

அதோடு நின்றிருந்தால் என் வெட்கத்தோடு போயிருக்கும். அக்கா மெதுவாக அடுத்ததைச் சொன்னாள். தளம் தேடலில் வரவில்லையே என்று அத்தான் எனக்குத் தெரியாமல் (தம்பி மனம் நோகக் கூடாதாம்) ஒரு கம்பனிக்கு 40,000 ரூபா கட்டியிருக்கிறார். போனில் வந்த விளம்பரம், 30 நாளில் கூகுளில் முதலிடம், உத்தரவாதம் என்று. முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் கொடுக்க முடியாது என்று கூகுளே தன் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது, ஆனால் அதைத் தேடிப் படிக்கிறவர் இப்படிப்பட்ட கம்பனிக்கு ஏன் காசு கட்டப்போகிறார். அவர்கள் அனுப்பிய அறிக்கையை வாங்கிப் பார்த்தேன். கலர் கலராக 12 பக்கம். மறைவான 'கீவேர்ட்ஸ்' வரியில் 60 சொற்களைப் போட்டிருக்கிறார்களாம், 300 தளங்களிலிருந்து இணைப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறார்களாம். அந்தக் கீவேர்ட்ஸ் வரியைத் தரவரிசைக்கு எடுத்துக்கொள்வதே இல்லை என்று கூகுள் வெளிப்படையாகச் சொன்னது 2009 செப்டம்பரில். 300 இணைப்பில் ஒரு ஐம்பதைத் திறந்து பார்த்தேன்: ரஷ்ய மொழியில் ஒரு சூதாட்டத் தளம், குழாய்ச் சாமான் விற்கிற ஒரு கடை, ஒரே கட்டுரையைப் பெயரை மட்டும் மாற்றிப் போட்ட இருபது பக்கங்கள். பெட்டியில் சரி போட்டது என் பிழைதான், அதை யார் தலையிலும் கட்ட மாட்டேன். ஆனால் அந்த 12 பக்கத்தில் 'ஐயா, உங்கள் தளம் கூகுளில் சேரவே இல்லை' என்று ஒரு வரி இல்லையே.

அத்தானுக்கு இதை எப்படிச் சொல்வது?

"அத்தான், காலையில பெரட்டுக்குப் போறாங்க, நிறை பிடிக்கிறாங்க, நாள் பூராக் கொழுந்து எடுக்கிறாங்க. செக்ரோல்ல பேர் விழலன்னா?"

"அந்த நாள் இல்ல."

"அதேதான்."

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம், மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பெரட்டு என்பது காலையில் வேலைக்கு ஆள் கூடுகிற இடம், நிறை என்பது ஒவ்வொருவரும் கொழுந்து எடுக்கிற தேயிலை வரிசை, செக்ரோல் என்பது சம்பளப் பதிவேடு. ஒரு நாள் வேலை செய்து சம்பளக் கணக்கில் அந்த நாள் ஏறுவதைப் பேர் விழுவது என்போம். குறித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர். கூகுளிலும் மூன்று கட்டம் இருக்கிறது. முதலில் கூகுள்பொட் என்கிற நிரல் இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகச் சுற்றி வரும். இரண்டாவது, பார்த்ததில் வைத்துக்கொள்ள வேண்டியதைத் தன் அட்டவணையில் ஏற்றும், அதுதான் செக்ரோல். யாராவது ஒன்றைத் தேடும்போது அந்த அட்டவணையிலிருந்து எடுத்து வரிசைப்படுத்துவது மூன்றாவது. முதலிடம், பத்தாமிடம் என்று நாம் அடித்துக்கொள்வதெல்லாம் மூன்றாவது கட்டத்துக் கதை. எங்கள் தளம் இரண்டாவதிலேயே நின்றுவிட்டது.

அத்தான் பிளேன்டீயை வைத்துவிட்டுக் கேட்டார்: "அப்ப அந்தக் கம்பனிக்காரன் பேரே விழாத ஆளுக்குக் கைக்காசு கணக்குப் பாத்திருக்கான்?" கைக்காசு என்றால் நாள் சம்பளத்துக்கு மேலே வருகிற காசு.

சரியை எடுத்துவிட்டேன். அப்புறம் சேர்ச் கன்சோலில் தளத்தைச் சேர்த்தேன். இது கூகுள் இலவசமாகத் தருகிற கருவி, தளம் வைத்திருக்கிற யாரும் முதல் நாளே செய்ய வேண்டியது, நான் செய்யாதது. பக்கங்களின் பட்டியலை அதில் கொடுத்தேன், முக்கியமான பக்கங்களுக்கு ஒவ்வொன்றாக 'வந்து பார்' என்று விண்ணப்பம் போட்டேன். முகப்புப் பக்கம் மூன்று நாளில் ஏறியது. மற்றவை வாரக்கணக்கில் இழுத்தன. சிலவற்றுக்கு 'வந்து பார்த்தோம், இப்போதைக்குச் சேர்க்கவில்லை' என்ற நிலை. அரைப்பேர் என்று அத்தானிடம் சொன்னேன், உடனே பிடிபட்டது. அந்தப் பக்கங்களைத் திறந்து நேர்மையாகப் படித்துப் பார்த்தால் கூகுள் மேல் கோபப்பட முடியாது. 'எங்கள் சேவைகள்' என்று ஒரு பக்கம், அதில் மூன்று வரி. 'படத்தொகுப்பு' என்று ஒரு பக்கம், அதில் ஒரு வரியும் இல்லை.

இதிலே ஒரு சின்ன நுட்பம், பலர் சறுக்குகிற இடம். எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்று தேடுபொறிகளுக்குச் சொல்கிற ரொபோட்ஸ் கோப்பில் கூகுளுக்கு வாசலைப் பூட்டிவிட்டு உள்ளே நோஇண்டெக்ஸ் என்று எழுதி வைத்தால் கூகுளுக்கு அந்த எழுத்தைப் படிக்கவே வழியில்லை. வெளியிலிருந்து யாராவது இணைப்புக் கொடுத்திருந்தால் வெறும் முகவரி மட்டும் தேடலில் வந்து தொங்கும். மறைக்க வேண்டுமென்றால் உள்ளே விட்டுத்தான் மறைக்க வேண்டும்.

சரி, பேர் விழுந்தது. இனி இடம்.

முதலில் நானும் எல்லோரையும் போல 'ஹப்புத்தளை ஹோம்ஸ்டே' என்கிற சொல்லைக் குறி வைத்தேன். ஆங்கிலத்தில் அதைத் தேடிப் பாருங்கள், முதல் பக்கம் முழுக்க அறை பதிவு செய்கிற பெரிய தளங்கள். புக்கிங் டொட் கொம்மோடு மூன்று அறை வீடு மல்லுக்கட்ட முடியாது. ஆறு மாதம் மினக்கெட்டேன், நாற்பதாவது இடத்துக்குக் கிட்டே வந்தேன், நாற்பதாவது இடத்தை யார் பார்க்கிறார்கள்.

வழி கிடைத்தது அத்தானின் கொப்பியில். கணக்கப்பிள்ளைப் பழக்கம், வருகிற போன் எல்லாவற்றையும் அவர் எழுதி வைப்பார். திகதி, எந்த நாடு, என்ன கேட்டார்கள். அறை வேண்டுமென்று கேட்டவர்கள் குறைவு. மற்றக் கேள்விகள்தான் பக்கம் பக்கமாக இருந்தன. லிப்டன் சீட் என்கிற மலையுச்சிக்கு எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும். ஆட்டோ இல்லாமல் போகலாமா. செவ்வாய்க்கிழமை அடிஷாம் பங்களா திறந்திருக்குமா. ரயிலில் இடம் முடிந்துவிட்டது, என்ன செய்வது. மலையில் இரத்தம் குடிக்கிற அட்டை இருக்குமா. இந்தக் கடைசிக் கேள்வி மட்டும் ஒரு வருடத்தில் 23 தடவை.

கொப்பியை எடுத்துக்கொண்டு வந்து ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பக்கம் எழுதினேன். லிப்டன் சீட் பக்கத்தில் தம்பேத்தன்ன பஸ்ஸில் போய் இறங்குவது எப்படி, 1890 இல் தேயிலை வியாபாரி தோமஸ் லிப்டன் கட்டிய தொழிற்சாலையைத் தாண்டி மேலே ஏறுகிற ஏழு கிலோமீட்டர் பாதையில் எங்கே குறுக்குவழி, எங்கே தண்ணீர், பனி ஏறுவதற்கு முன் உச்சியில் நிற்க வேண்டுமென்றால் எத்தனை மணிக்கு எழும்ப வேண்டும், கொழுந்தெடுக்கிற பெண்களைப் படம் பிடிப்பதற்கு முன் ஏன் கேட்க வேண்டும், எல்லாம் போட்டேன். அடிஷாம் பக்கத்தில், 1931 இல் சேர் தோமஸ் வில்லியர்ஸ் கட்டிய அந்தப் பங்களா இப்போது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம், வார நாளில் ஆட்டோவுக்குக் காசு கொடுத்துப் போய்ப் பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு வராதீர்கள், வார இறுதியில் போங்கள், அதையும் கேட்டுவிட்டுப் போங்கள் என்று எழுதினேன். அட்டைப் பக்கத்தை அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். மலைக்குப் போகும்போது காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொள்வது, கடித்தால் பிடித்து இழுக்காமல் நகத்தால் நெம்பி எடுப்பது, மழைக்குப் பிறகு எந்தப் பக்கத்து வழியைத் தவிர்ப்பது. அக்காவுக்குக் கூகுளைப் பற்றி ஒன்றும் தெரியாது, அட்டையைப் பற்றி எல்லாம் தெரியும்.

அந்த அட்டைப் பக்கம்தான் எங்கள் தளத்திலேயே அதிகம் பேர் வந்த பக்கம். இன்றைக்கும்.

2022 டிசம்பரில் கூகுள், தேடல் முடிவுகளைப் பார்த்துப் புள்ளி போடுகிற தன் தர மதிப்பீட்டாளர்களுக்குக் கொடுக்கிற வழிகாட்டியில் 'நேரடி அனுபவம்' என்று ஓர் அளவுகோலைப் புதிதாகச் சேர்த்தது. எழுதினவர் அந்த இடத்துக்குப் போயிருக்கிறாரா, அந்தப் பொருளைப் பயன்படுத்தியிருக்கிறாரா என்று பார்ப்பது. மதிப்பீட்டாளர்கள் போடுகிற புள்ளி நேராக ஒரு பக்கத்தின் இடத்தை மாற்றாது, ஆனால் கூகுள் எதைத் தேடி அலைகிறது என்பது அதில் தெரியும். சேர்ச் கன்சோல் 16 மாதத்துத் தரவைக் காட்டும், எந்தச் சொல்லைத் தேடி வந்தார்கள், எத்தனை தடவை நம் பக்கம் அவர்கள் கண்ணில் பட்டது, எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்று. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் பீக்கோ ட்ரெயிலுக்கு ஒரு பக்கம் எழுத வேண்டுமென்று தெரிந்தது. கண்டி ஹந்தானையில் தொடங்கி 22 கட்டங்களாக 300 கிலோமீட்டருக்கு மேல் மலையகத்தைச் சுற்றி நுவரெலியாவில் முடிகிற நடைபாதை அது, ஹப்புத்தளை வழியாகத்தான் போகிறது. நடக்கிறவர்கள் 'ஈர உடுப்பு காயப் போட இடம்' என்றெல்லாம் தேடுகிறார்கள். அக்காவின் அடுப்படிக்கு மேலே கொடி இருக்கிறது. அதையும் எழுதினேன்.

இந்த இடத்தில் நான் செய்த ஒரு மடத்தனத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பத்துப் பக்கம் நன்றாகப் போனதும் ஆசை வந்துவிட்டது. ஏஐயிடம் சொல்லி 40 கட்டுரை எழுத வைத்தேன், சிகிரியா, மிரிஸ்ஸ கடற்கரை, யாழ்ப்பாணத்துச் சாப்பாடு என்று. மிரிஸ்ஸவுக்கு நான் போனதே இல்லை. ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் ஏற்றினேன். 2024 மார்ச்சில் கூகுள் பெரிய மாற்றம் ஒன்றைச் செய்தது, தேடலில் இடம் பிடிப்பதற்காகவே மொத்தமாக உற்பத்தி செய்கிற பக்கங்களுக்கு எதிராக அப்போது தனியாக ஒரு விதியும் வந்தது, எப்படி எழுதியிருந்தாலும் சரி, ஏஐயோ ஆளோ. எங்கள் தளத்துக்கு வருகிறவர்கள் அடுத்த மாதமே பாதியாகக் குறைந்தார்கள், நல்ல பக்கங்களும் சேர்ந்து இறங்கின. அதுதான் காரணம் என்று கூகுள் எனக்குக் கடிதம் எழுதவில்லை, ஆனால் எனக்குத் தெரியும்.

"கவ்வாத்து வெட்டு" என்றார் அத்தான்.

தேயிலைச் செடியைச் சில வருடத்துக்கு ஒரு தடவை மொட்டையாக வெட்டிவிடுவார்கள். பார்க்கப் பயமாக இருக்கும், மாதக்கணக்கில் அந்த மலையில் கொழுந்து கிடையாது, அப்புறம்தான் துளிர்க்கும். 40 கட்டுரையையும் அழித்தேன். 'எங்கள் சேவைகள்' பக்கத்தையும் சேர்த்துத்தான். ஏழெட்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை, நடக்காது போலிருக்கிறதே என்று நான் விட்டுவிட்ட பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது.

தமிழ்ப் பக்கங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை வேறு யாரும் நமக்காக எழுத மாட்டார்கள். வெள்ளைக்காரருக்கு ஆங்கிலம் சரி. கொழும்பு, யாழ்ப்பாணம், மட்டக்களப்பிலிருந்து குடும்பமாக வருகிறவர்களும் இருக்கிறார்களே என்று அத்தான் தோட்டத்துப் பழைய கதைகளைத் தமிழில் எழுதி, டவுனில் ஒரு அச்சுக்கடையில் டைப் பண்ணி வாங்கி வைத்திருந்தார். அழகாக எழுதியிருந்தார். கோப்பைத் திறந்தால் பாமினி எழுத்துரு. பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் திரையில் அம்மா என்று தெரியும், ஆனால் கம்பியூட்டருக்குள் போவது ஆங்கிலத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த எழுத்துரு இல்லாத போனில் அந்த ஐந்தும்தான் தெரியும், கூகுளுக்கும் அதுதான் தெரியும். இப்படி எத்தனை கோயில் மலர், எத்தனை பாடசாலை ஆண்டிதழ், எத்தனை சங்கத்து அறிக்கை நம் ஊர்க் கம்பியூட்டர்களில் எம் கே அரைப்புள்ளியாகக் கிடக்கின்றனவோ. எந்தப் போனும் தமிழாகவே படிக்கிற யூனிகோடுக்கு மாற்றுகிற இலவசக் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன, அத்தானின் 14 பக்கத்தை மாற்றுவதற்கு ஒரு நிமிடம், ஒற்றுப்பிழை பார்க்க இரண்டு நாள். எழுத்தைப் படமாக எடுத்துப் போடுகிறவர்களும் இதே குழியில்தான் விழுகிறார்கள், அறிவித்தலை அழகாக வடிவமைத்துப் படமாகப் போட்டால் அதை எழுத்தாக எடுத்துக்கொள்வார்கள் என்று நம்பியிருக்க முடியாது.

ஊர்ப்பெயர் இன்னொரு தலையிடி. ஹப்புத்தளை, அப்புத்தளை, ஹப்புத்தல. மூன்றையும் மக்கள் எழுதுகிறார்கள், நானே மூன்றையும் எழுதியிருக்கிறேன். ஒன்றைத் தலைப்பில் வைத்து மற்ற இரண்டையும் உள்ளே பேச்சோடு பேச்சாக ஒரு தடவை வர வைத்தேன். பக்கத்தின் முகவரியைத் தமிழில் வைக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: கூகுளுக்குப் பிரச்சினை இல்லை, வட்ஸ்அப்பில் அனுப்பும்போதுதான் அசிங்கம். தமிழில் ஒவ்வொரு குறியும் முகவரிக்குள் ஒன்பது எழுத்தாக விரியும், 'ஹப்புத்தளை' என்ற ஒரு சொல்லே 90 எழுத்து. நான் முகவரியை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொண்டு உள்ளே தமிழில் எழுதினேன், தனித்தமிழ் அன்பர்கள் மன்னிக்க.

வரைபடத்துக்கு வருவோம். எனக்கு அதிகம் கோபம் வந்ததும் இங்கேதான்.

கூகுளில் கடையையோ வீட்டையோ வரைபடத்தோடு பதிவு செய்யலாம், இலவசம்தான். பக்கத்தில் தங்க இடம் தேடுகிறவர்களுக்கு, தேடுகிற சொல்லோடு எவ்வளவு பொருந்துகிறது, எவ்வளவு தூரம், எவ்வளவு அறியப்பட்ட இடம் என்கிற மூன்றையும் வைத்துக் காட்டுவார்கள். எங்களைப் போன்ற சின்ன வீடுகளுக்குத் தளத்தைவிட இதுதான் முக்கியம் என்று இப்போது நினைக்கிறேன். பதிவு செய்யப்போனால் முதல் கேள்வி: வீட்டு இலக்கம், வீதியின் பெயர்.

எந்த வீதி? தலைமுறை தலைமுறையாக லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்தவர்களுக்கு முகவரி என்றால் தோட்டத்தின் பெயர், டிவிசன், ஊர். கடிதமெல்லாம் தோட்டத்து ஒபிசுக்குப் போகும், அங்கிருந்து யாராவது கொண்டுவந்தால் உண்டு. நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி போன பிறகு கையில் கிடைத்த கதை மலையகத்தில் பல வீடுகளில் இருக்கும், எங்கள் வீட்டில் என்னுடையது இருக்கிறது. அத்தான் சொந்த நிலத்தில் வீடு கட்டிய பிறகும் முகவரி பழையதுதான். போதாததற்குத் தோட்டத்துக்கு இரண்டு பெயர், காகிதத்தில் ஆங்கிலப் பெயர், சனங்களின் வாயில் தமிழ்ப் பெயர். கூகுள் ஒரு தபாலட்டையில் இரகசிய எண் அனுப்பி அதை வைத்து இடத்தை உறுதிப்படுத்துவோம் என்றது, 30 நாளுக்குள் எண்ணைப் போட வேண்டுமாம். தபாலட்டை வந்தது. ஏழு வாரம் கழித்து, ஒபிஸ் மேசையில் வேறு யாருடைய கடிதங்களுக்கோ நடுவில் இருந்து அத்தான் எடுத்துவந்தார். எடுத்துவந்ததைச் சட்டம் போட்டு மாட்டலாம், வேறு எதற்கும் ஆகாது.

அப்புறம் வீடியோ வழி கொடுத்தார்கள். பாதையிலிருந்து தொடங்கி, பெயர்ப்பலகை, கேட், உள்ளே அறை, எல்லாவற்றையும் வெட்டாமல் ஒரே தொடர்ச்சியாகப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். பெயர்ப்பலகை அப்போது இல்லை. அக்காவின் மகன் பலகையில் பெயின்ட் அடித்தான், காய்வதற்குள் மழை, மறுபடி அடித்தான். முகவரிக் கட்டத்தில் வீட்டு இலக்கத்துக்குப் பதிலாகப் பிளஸ் கோட் போட்டோம். உலகத்தின் எந்தச் சதுரத்துக்கும் எழுத்தும் இலக்கமுமாக ஒரு குறி தருகிற முறை அது, வீதிப்பெயர் இல்லாத எங்களுக்கென்றே செய்ததுபோல. அதற்கு முன்னால் யாரோ எங்கள் வீட்டின் பெயரில் குத்தி வைத்திருந்த புள்ளி இரண்டு மலை தள்ளி, கொழுந்து மடுவத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு ஜெர்மன் குடும்பம் பெட்டிகளோடு அங்கே போய் இறங்கி, கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தவர்களிடம் அறைச் சாவி கேட்டிருக்கிறது.

படங்களின் கதை சின்னது. அத்தானின் மகன் போனில் எடுத்த படங்களை அப்படியே ஏற்றியிருந்தான், ஒவ்வொன்றும் 5 எம்பி, முகப்பில் மட்டும் 18 படம். எங்கள் பாதையில் கோயில் வளைவு தாண்டினால் சிக்னல் ஒரு கோடுதான், எங்கள் தளத்தை எங்கள் வீட்டிலேயே திறக்க முடியவில்லை. பக்கத்தின் முக்கியமான படமோ எழுத்தோ 2.5 செக்கனுக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் கணக்கு, அதுவும் போனில் தெரிகிற பக்கத்தைத்தான் அது படித்து அட்டவணையில் ஏற்றுகிறது. எல்லாப் படத்தையும் சுருக்கி வெப்பி என்கிற எடை குறைந்த பட வடிவத்துக்கு மாற்றி, முகப்பில் நாலை மட்டும் வைத்தேன். வேகம் கூடினதால் இடம் பெரிதாக ஏறவில்லை. ஆனால் வந்தவர்கள் நின்றார்கள்.

இணைப்பைப் பற்றி அத்தான் விடாமல் கேட்டார், 40,000 ரூபா போன இடமல்லவா. கூகுளைத் தொடங்கிய லரி பேஜும் செர்ஜி பிரினும் ஸ்டான்போர்டில் படிக்கும்போது 1998 இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இருக்கிற யோசனைதான் அடி: ஒரு பக்கத்தை யார் யார் சுட்டுகிறார்கள், சுட்டுகிறவரை யார் சுட்டுகிறார்கள். மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கப் போகிற மாதிரி, நல்ல பையன் என்று சொன்னது யார் என்றும் பார்க்க வேண்டும், அவனிடம் கடன் வாங்கினவன் சொன்னால் எடுபடாது. காசுக்கு வாங்கின இணைப்பு போன்ற ஏமாற்று வேலைகளைப் பிடிப்பதற்கு 2012 ஏப்ரலில் பென்குயின் என்று ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தார்கள், 2016 க்குப் பிறகு அப்படிப்பட்ட இணைப்புகளைப் பெரும்பாலும் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். அத்தானின் 300 இணைப்பும் கெடுதல் செய்யவில்லை, நல்லதும் செய்யவில்லை. உண்மையாக வந்த இணைப்புகள் இரண்டரை வருடத்தில் ஆறு. பீக்கோ ட்ரெயில் நடந்த ஒரு பெண், அக்காவின் தேங்காய் ரொட்டியையும் கட்டைச் சம்பலையும் பற்றித் தன் பயணக் குறிப்பில் நாலு பந்தி எழுதியது அதில் ஒன்று. அது வந்த மாதம் லிப்டன் பக்கம் இருபதுகளிலிருந்து பதினொன்றுக்கு வந்தது. தற்செயலாகவும் இருக்கலாம்.

ஒரு நாள் அத்தான் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார், "தம்பி, நாம முதலாவது!" பார்த்தால் அவர் தேடியது வீட்டு இஸ்தோப்பில் நின்றுகொண்டு, வீட்டின் பெயரைப் போட்டு, தினமும் பத்துத் தடவை அதே தளத்தைத் திறக்கிற போனில். நிற்கிற இடத்தைப் பொறுத்து முடிவு மாறும் என்பதைச் சொல்லி அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்தது நான்தான்.

இப்போது புதுச் சிக்கல். தேடினால் மேலேயே ஏஐ ஒரு பதிலைச் சுருக்கி எழுதிவிடுகிறது. அட்டைப் பக்கம் பலரின் கண்ணில் படுகிறது, சொடுக்குகிறவர்கள் குறைகிறார்கள். ஒரு நாள் அந்தப் பதிலைப் படித்தேன், சவர்க்காரம், நகத்தால் நெம்புவது, எல்லாம் அக்கா சொன்னதுதான், கீழே சின்னதாக எங்கள் தளத்துக்கு ஓர் இணைப்பு.

அத்தானிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "நம்ம கொழுந்த எடுத்து அவன் பேருக்கு நிறுத்துக்கிறானா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. கூகுளைத் தடுக்கலாம், தடுத்தால் தேடலில் நம் பக்கம் தெரிகிற விதமும் சேர்ந்து சுருங்கும். அதற்கு எனக்கு மனமில்லை. பதினெட்டு மாதமாக அவர் ஒரு புதுக் கொப்பியில் செக்ரோல் மாதிரியே கோடு போட்டு, லிப்டன், அடிஷாம், அட்டை என்று நிரல் பிரித்து எங்கள் இடத்தைத் தினமும் எழுதி வருகிறார். தினமும் பார்க்காதீர்கள், மாதத்துக்கு ஒரு தடவை போதும் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். காலை ஆறரைக்கு போன் வரும். இன்றைக்கும் வந்தது.

"லிப்டன் எத்தனை?"

"ஒன்பது அத்தான்."

"நேத்து ஏழு." பேனா கீறுகிற சத்தம் கேட்டது. "ரெண்டு நாளா விடாத மழை தம்பி. மலையிலயும் கொழுந்து கொறைவுதான்."